பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு: முதலில் போட்ட ஊசி எதுவென்று ஏன் தெரிய வேண்டும்?

பூதலூரிலிருந்து தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். பூதலூர் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் குழந்தை பெற்ற பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 108 ஆம்புலன்ஸ் தஞ்சாவூர் வந்து சேர்ந்ததும், கூட வந்த அம்மாவிடம் டாக்டர் கேட்பார்: "அங்கே என்னம்மா ஊசி போட்டாங்க?" ரெஃபரல் சீட்டில் எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. சீட்டு அவசரத்தில் பாதியாக எழுதப்பட்டிருந்து, அம்மாவும் "ஏதோ ரெண்டு ஊசி போட்டாங்க டாக்டர், பேரு தெரியல" என்றால் அங்கேதான் சிக்கல்.

பிரசவமான 24 மணி நேரத்துக்குள் 500 மி.லி. அல்லது அதற்கு மேல் ரத்தம் போவதை மருத்துவர்கள் ஆபத்தாகப் பார்க்கிறார்கள். உலகில் ஆண்டுக்குச் சுமார் 1.4 கோடி பெண்களுக்கு இது நேர்கிறது, ஏறக்குறைய 70,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன கணக்கு. கர்ப்பப்பை சுருங்காமல் தளர்ந்துபோவதுதான் முக்கியக் காரணம். அதனால் இதற்கான மருந்துகளில் பலவற்றுக்கும் ஒரே வேலை, கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது. குழப்பமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரே மருந்து, வேறு பெயர்

குழந்தை பிறந்தவுடன் வழக்கமாகப் போடுவது ஆக்ஸிடோசின் 10 யூனிட். மருந்தின் மேல் பிட்டோசின் என்றும் இருக்கலாம், சின்டோசினான் என்றும் இருக்கலாம். இரண்டும் ஒன்றுதான். ரத்தப்போக்கு தொடர்ந்தால் இதையே டிரிப்ஸில் மறுபடி தருவார்கள். அது தவறல்ல, சிகிச்சையே அதுதான். ஆனால் முன்பு எவ்வளவு போனது என்று தெரியாமல் கூட்டிக்கொண்டே போனால் உடலில் தண்ணீர் தேங்கி, ரத்தத்தில் சோடியம் குறைந்து, வலிப்புகூட வரலாம்.

"கூடவே மிசோப்ரோஸ்டால் மாத்திரையும் கொடுத்தா சீக்கிரம் நிக்குமே" என்று தோன்றும். 5 நாடுகளில் 1,422 பெண்களிடம் நடந்து, 2010-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு அதைத்தான் சோதித்தது. ஆக்ஸிடோசின் போன்ற ஊசிகளோடு அந்த மாத்திரையைச் சேர்த்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை. நடுக்கமும் காய்ச்சலும்தான் கூடின.

ட்ரானெக்ஸாமிக் அமிலம் வேறு ரகம். உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும். 20,060 பெண்களிடம் நடந்த 'வோமன்' ஆய்வு (2017), பிரசவமான 3 மணி நேரத்துக்குள் இதைக் கொடுத்தால் ரத்தப்போக்கால் ஏற்படும் மரணம் குறைவதைக் காட்டியது. முதலில் 1 கிராம். 30 நிமிடத்துக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் இன்னொரு 1 கிராம். அதனால் "போட்டாங்களா" என்பதோடு "எத்தனை மணிக்கு" என்பதும் தெரிய வேண்டும்.

மெத்தர்ஜின் யாருக்கு ஆகாது?

மெத்தர்ஜின் ஊசி கர்ப்பப்பையை மட்டுமல்ல, ரத்தக்குழாய்களையும் சுருக்கும். கர்ப்பகாலத்தில் பிரஷர் இருந்தவருக்கு இதைப் போட்டால் பிரஷர் எகிறி, மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். ஒற்றைத் தலைவலிக்குச் சுமாட்ரிப்டான் சாப்பிட்டவருக்கும், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுப்பவருக்கும் இதே மருந்து கைகால் ரத்தக்குழாய்களை ஆபத்தான அளவுக்குச் சுருக்கிவிடக்கூடும். கார்போப்ரோஸ்ட் ஊசி ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது, மூச்சுக்குழாய் இறுகிவிடும்.

பிரஷருக்காக வலிப்புத் தடுப்பு மெக்னீசியம் சல்பேட் போட்டிருந்தால், அது கர்ப்பப்பையைத் தளர்த்தும் மருந்து என்பதும் டாக்டரின் கணக்கில் வர வேண்டும். கர்ப்பகாலத்தில் எகோஸ்ப்ரின் சாப்பிட்டவர்கள் அதையும் சொல்ல வேண்டும். "அது சின்ன மாத்திரைதானே" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை அது.

வீட்டுக்கு வந்த பிறகு

சில வாரம் கழித்தும் ரத்தப்போக்கு திடீரென அதிகமாகலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ட்ரானெக்ஸாமிக் அமிலமும் மெஃபனமிக் அமிலமும் கலந்த மாத்திரை கிடைக்கலாம். வீட்டில் வலிக்கு ஏற்கெனவே மெஃப்டால் ஓடிக்கொண்டிருக்கும். அதிலும் மெஃபனமிக் அமிலம்தான். சிசேரியனுக்கு எழுதிக்கொடுத்த டைக்ளோஃபெனாக் வேறு இருக்கும். ஒரே வகை வலிநிவாரணி இரண்டு மூன்று வழியில் உள்ளே போகும். ரத்தம் இழந்த உடம்பில் இது சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும். பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்களில் காலில், நுரையீரலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே அதிகம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையோடு ட்ரானெக்ஸாமிக் சேர்ந்தால் அது இன்னும் கூடும்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனைந்தாலோ, பெரிய ரத்தக்கட்டிகள் போனாலோ, தலைசுற்றினாலோ மாத்திரை தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாம் பையில் இருக்கட்டும். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், ஆம்புலன்ஸில் ஏறும் முன் ரெஃபரல் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றும் அதில் இல்லையென்றால் "சிஸ்டர், போட்ட ஊசியை எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேட்கத் தயங்க வேண்டாம். பாட்டி கொடுத்த பிரசவ லேகியத்தையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.