நிபா நோயும் மருத்துவமனை அச்சமும்

பெருநோய் வரும்போது அதனுடன் அச்சமும் வருகிறது. நோய் எந்த வழியாக வருகிறது என்று தெரியாதபோது அச்சம் எல்லா வழியிலும் பரவிவிடும். கேரளத்தில் நிபா வைரஸ் வந்த காலத்தில் கோழிக்கோட்டில் இதை நேரில் கண்டவன் நான். டாக்டர் பட்டமோ கல்லூரிப் படிப்போ எனக்கு இல்லை. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, முப்பத்தெட்டு வருஷமாக வலியங்காடியில் அரிசி வியாபாரம் செய்கிறேன். கடை அடைத்த பிறகு படிப்பது வழக்கம். அப்படிப் படித்தும் டாக்டர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை, பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி இம்மலரில் தொகுத்துத் தருகிறேன்.

பெயர் வந்த வரலாறு

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. முதலில் அதைக் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணினார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில்தான் இது புது வைரஸ் என்று தெரிந்தது. அது கிடைத்த சுங்கை நிபா என்ற சிற்றூரின் பெயரே நோய்க்கும் ஆயிற்று. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழியைத் தவறாக நினைத்ததால் காவலும் தவறான இடத்தில் போடப்பட்டது. கொசுவை விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நோய் பன்றிக் கொட்டகையில் இருந்தது.

பழந்தின்னி வௌவால்களே இந்த வைரஸின் இயற்கை இருப்பிடம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அவற்றுக்கு இதனால் பெரிய நோய் ஏதும் வருவதில்லை. அவற்றின் எச்சிலும் சிறுநீரும் பட்ட பொருள் வழியாகப் பிற உயிர்களுக்குத் தாவுகிறது. வங்கதேசத்தில் இரவில் ஈச்சமரத்தில் கட்டிய பானைகளில் வௌவால் வாய் வைத்த பதநீரைக் காய்ச்சாமல் குடித்தவர்களுக்கு நோய் வந்தது.

சிலிகுரி காட்டிய உண்மை

மலேசியாவில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட டாக்டர், நர்ஸ்களுக்கு இந்நோய் அநேகமாகப் பரவவில்லை. ஆகவே இது மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகாது என்ற எண்ணம் இருந்தது. அதை மாற்றியது நம் நாட்டின் சிலிகுரி.

2001 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மேற்கு வங்கத்தின் அந்த நகரில் 66 பேருக்குப் பெயர் தெரியாத காய்ச்சல் கண்டது. அவர்களில் சுமார் 45 பேர் இறந்தார்கள். அப்போது அது என்ன நோய் என்று யாருக்கும் விளங்கவில்லை. சேமித்து வைத்த மாதிரிகளைச் சோதித்து, அது நிபாதான் என்று சொன்ன ஆய்வு 2006-இல் வெளிவந்தது. விவரம் கிடைத்த நோயாளிகளில் நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனையோடு தொடர்புடையவர்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்கள், ஊழியர்கள், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் ஆகியோரே அவர்கள். பெரும்பாலோருக்கு நோய் வந்த இடம் வௌவால் தோப்பு அன்று, ஆஸ்பத்திரி வார்டு.

கோழிக்கோடு, 2018

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கத்து இளைஞர் ஒருவர் காய்ச்சலோடு தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிறகு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவரப்பட்டு மே 5-இல் இறந்தார். காய்ச்சலால் இறப்பு புதிதல்லவே, யாரும் ஐயுறவில்லை. அடுத்து அவருடைய அண்ணனுக்கும் அதே குறிகள் கண்டபோது, ஒரு குடும்பத்தில் இருவருக்கு இப்படி வருவானேன் என்று ஒரு தனியார் மருத்துவமனை டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். மாதிரிகள் மணிப்பால் ஆய்வகத்துக்குப் போயின. புணே தேசிய வைரஸ் ஆய்வகமும் சோதித்து நிபா என்று உறுதி செய்தது. முதல் நோயாளி இறந்து அதற்குள் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அந்த இரண்டு வாரத்தில்தான் எல்லாம் நடந்து முடிந்தது. பின்னர் வந்த ஆய்வின்படி நோய் கண்டவர் மொத்தம் 23 பேர். அதில் ஆய்வகத்தில் உறுதியானவர் 18 பேர். பிழைத்தவர் இருவர் மட்டுமே. பலருக்கு முதல் நோயாளியிடமிருந்தே தொற்றியது. தாலுகா ஆஸ்பத்திரியில் அவருக்குப் பணிவிடை செய்த நர்ஸ் லினி மே 21-இல் இறந்தார். மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுக்கும் பகுதிக்கு வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தவர்கள் பலருக்கும் தொற்றியது. அவர்கள் வேறு வேறு காரியமாக வந்தவர்கள். இருமிக்கொண்டிருந்த அந்த இளைஞர் யாரென்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

எப்படிப் பரவுகிறது, எப்படிப் பரவுவதில்லை

நிபா வைரஸ் நோயாளியின் எச்சில், சளி, சிறுநீர், வாந்தி முதலிய சுரப்புகளில் இருக்கும். அவரை நெருங்கித் தொட்டுப் பணிவிடை செய்யும்போதும், அவர் இருமும்போது தெறிக்கும் திவலை அருகில் நிற்பவர் மூக்கிலோ வாயிலோ கண்ணிலோ படும்போதும் தொற்றுகிறது. நோய் முற்றி இருமலும் மூச்சுத்திணறலும் வந்த கட்டத்தில்தான் பரவுதல் அதிகம். குறி ஏதும் தோன்றாமல் நடமாடுகிறவரிடமிருந்து பரவியதாகக் காணப்படவில்லை. காற்றில் மிதந்து தெருத்தெருவாகப் போவதும் இல்லை. இதன் மேலுறை கொழுப்பாலானது. சாதாரண சோப்புத் தண்ணீரில் அது கரைந்து வைரஸ் அழியும்.

வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரை 248 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்தது 82 பேருக்கு. ஒரு நோயாளி சராசரியாக 0.33 பேருக்குத்தான் நோயைக் கொடுக்கிறார் என்று கணக்கிட்டார்கள். அதாவது மூன்று நோயாளிகள் சேர்ந்து ஒருவருக்கு! தட்டம்மை என்றால் தடுப்பூசி போடாதவர் மத்தியில் ஒருவரிடமிருந்து பத்துப் பதினைந்து பேருக்குப் போகும். அந்த வகையில் நிபா ரொம்ப மெதுவாகப் பரவும் நோய்.

ஆனால் சராசரியை மட்டும் நம்பக் கூடாது என்பது வியாபாரிக்குத் தெரியும். நூறு மூட்டையில் சராசரி ஈரம் சரியாக இருக்கலாம். நடுவே ஒரு மூட்டை நனைந்திருந்தால் அதைச் சுற்றியுள்ளவை கெட்டுவிடும். நிபாவும் அப்படித்தான். நோயாளிகளில் பெரும்பாலோர் ஒருவருக்கும் பரப்புவதில்லை. கடுமையாக இருமும் ஒருவர், பெயர் தெரியாத நோயோடு, நெரிசலான வார்டில் கிடந்தால் பலருக்குப் போகிறது. மருத்துவமனையில் பரவுவதற்குக் காரணம் இதுதான். கடுமையான நோயாளி அங்கேதான் வருகிறார். சளி உறிஞ்சுவது, மூச்சுக்குழாய் போடுவது போன்ற நெருக்கமான வேலைகளும் அங்கேதான் நடக்கின்றன. உடனிருப்பவர் கூட்டமும் அங்கேதான்.

அச்சம் போய் விழுந்த இடம்

ஆபத்து இருந்த நாட்களில் அச்சம் இல்லை. பெயர் தெரிந்து, கையுறையும் முகக்கவசமும் தனி வார்டும் வந்து, ஆபத்து குறையத் தொடங்கியபோதுதான் ஊர் அஞ்சியது. அதுவும் யாரைக் கண்டு?

பேராம்பிரா ஆஸ்பத்திரி நர்ஸ்களைப் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஏற்ற மறுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள். காய்ச்சலோ இருமலோ இல்லாத ஒருவரிடமிருந்து நோய் வருவதாகக் காணப்படவில்லை என்று மேலே சொன்னேன். அப்படியிருக்க, வேலை முடித்து, குளித்து, உடை மாற்றி வீடு திரும்பும் பெண்களை ஒதுக்கியதில் யாருக்கு என்ன பாதுகாப்பு?

இறந்தவர்களை எரிக்கச் சுடுகாட்டு ஊழியர்கள் தயங்கினார்கள். மாநகராட்சி சுகாதார அதிகாரி டாக்டர் கோபகுமார் முன்நின்று பலருடைய இறுதிச் சடங்கை நடத்த வேண்டியதாயிற்று. இதில் பாதி அச்சம் நியாயமானது. உடலைக் குளிப்பாட்டுவது, முத்தமிடுவது, முகத்தருகே குனிந்து அழுவது இவற்றால் தொற்று வரக்கூடும். ஆகையால்தான் பயிற்சி பெற்றவர்கள் உடலைச் சுற்றிக் கட்டுகிறார்கள். எரியும் உடலின் புகையிலிருந்து வரும் என்று அஞ்சியது மற்றப் பாதி. அந்த நெருப்பில் எந்த வைரஸும் மிஞ்சாது.

ரம்ஜான் மாதமாக இருந்தும் பழக்கடைகளில் ஆளில்லை. மிட்டாய்த் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஐக்கிய அரபு நாடு கேரளப் பழங்களை நிறுத்தியது. இன்னொரு பக்கம், வௌவால் கடித்த பழம் என்று சொல்லி அதைத் தின்று காட்டி, நோயே இல்லை என்ற வைத்தியரும் உண்டு! வீண் அச்சம், வீண் துணிச்சல் இரண்டுக்கும் தாய் அறியாமைதான். கடித்த பழத்தைத் தள்ள வேண்டும், நல்ல பழத்தைக் கழுவித் தோல் சீவித் தின்னலாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பட்டியலிட்டு, தினமும் போனில் விசாரித்து, காய்ச்சல் கண்டால் உடனே தனி வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் நோய் அடங்கியது. மருந்தோ தடுப்பூசியோ இல்லாமல், இடைவெளியாலும் கண்காணிப்பாலுமே அடக்கினார்கள்.

அந்தப் பாடம் வீண் போகவில்லை. 2019-இல் எர்ணாகுளத்து மாணவர் ஒருவருக்கு வந்தபோது அவர் பிழைத்தார், வேறு ஒருவருக்கும் பரவவில்லை. 2021-இல் கோழிக்கோட்டில் 12 வயதுச் சிறுவன் இறந்தான், அவனோடு நோய் நின்றது. 2023-இல் மறுபடியும் பெயர் தெரியாமல் ஒருவர் இறந்த பிறகு மொத்தம் ஆறு பேருக்கு உறுதியானது. இறந்தவர் இருவர், நால்வர் பிழைத்தார்கள். 2024, 2025 ஆண்டுகளிலும் மலப்புரம் பக்கம் இந்நோய் தலைகாட்டியது. ஆகவே இது பழங்கதை இல்லை. தடுப்பூசிகள் இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் உள்ளன.

வௌவாலை அழிக்கலாமா?

மரத்தை வெட்டு, வௌவாலைக் கொல் என்ற குரலும் எழுந்தது. அகிம்சையைப் பரம தர்மமாகக் கொண்ட குலத்தில் பிறந்தவன் நான், அதை ஏற்க மாட்டேன் என்பது சொல்லாமலே விளங்கும். அறிவியலும் அதையேதான் சொல்கிறது. கலைத்து விரட்டினால் அவை புது இடங்களுக்குப் பரவும். இடைஞ்சலுக்கும் பட்டினிக்கும் ஆளான வௌவால் கூடுதலாக வைரஸை வெளியேற்றும் என்று கருதுகிறார்கள். அவை மகரந்தம் சேர்ப்பவை, விதை பரப்புபவை. வௌவால்கள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் நம் தமிழ்நாட்டில் உண்டு. அவற்றை அவற்றின் மரத்தில் விட்டு நாம் விலகி இருப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

நம் குடும்பங்களுக்கு

வெளியூரில் வாழும் நமக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. நம்மவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், ஊரில் சொந்தபந்தம் இல்லையே என்று சங்கத்தார் குடும்பத்தோடு போய் நிற்போம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழமுமாகக் கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர். அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் சிலிகுரியிலும் கோழிக்கோட்டிலும் நோய் ஏறியது இப்படிப்பட்ட கூட்டத்தின் தோள்மேல்தான்.

ஆகையால் சில முறைகளைச் சொல்கிறேன். நோயாளியோடு ஒருவர் மட்டும் இருக்கட்டும். இங்கே பைஸ்டாண்டர் என்பார்களே, அந்த ஒருவர் போதும். அவர் முகக்கவசம் அணிந்து, ஒவ்வொரு முறை தொட்ட பின்னும் சோப்பால் கை கழுவ வேண்டும். நோயாளியின் தட்டில் மிஞ்சியதைச் சாப்பிடுவது, அவர் படுக்கையில் உட்காருவது வேண்டாம். குழந்தைகளை வார்டுக்கு அழைத்துப் போக வேண்டாம். காத்திருக்கும் இடத்தில் கடுமையாக இருமுகிறவர் இருந்தால் அவருக்கும் ஒரு முகக்கவசம் கொடுங்கள், சற்றுத் தள்ளி நில்லுங்கள். காய்ச்சலோடு தலைவலி, வாந்தி, மயக்கம், பேச்சுத் தடுமாற்றம் இருந்தால் டாக்டரிடம் சமீபத்தில் போன ஊர், பார்த்த நோயாளி எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். 2018-இல் ஒரு குடும்பத்தில் இருவர் என்ற ஒற்றை விவரம்தான் நோயின் பெயரைக் காட்டிக்கொடுத்தது.

மற்றவர்கள் வெளியிலிருந்து உதவலாம். சாப்பாடு அனுப்பலாம், மருந்து வாங்கித் தரலாம், மொழி தெரியாத வீட்டாருக்காக டாக்டரிடம் பேசலாம், பில் கட்டக் கைமாற்றுக் கொடுக்கலாம். பார்வையாளராகப் போவதைவிட இது பெரிய உதவி.

உணவு, மருந்து, கல்வி, அபயம் என்று நான்கு தானங்களைச் சமண நூல்கள் சொல்லும். அபய தானம் என்பது அஞ்சிய உயிருக்கு அச்சம் நீக்குவது. நோய்க் காலத்தில் நர்ஸ் ஒருவர் பஸ்ஸில் ஏறினால் நகர்ந்து இடம் கொடுப்பதும், தனிமையில் வைக்கப்பட்ட அண்டை வீட்டுக்காரர் வாசலில் பால் பாக்கெட் வைத்துவிட்டு வருவதும் அந்த தானமே. அதற்குக் காசு செலவில்லை. நோய் எந்த வழியாக வரும், எந்த வழியாக வராது என்ற தெளிவு மட்டும் வேண்டும். அந்தத் தெளிவு நம் ஒவ்வொரு வீட்டிலும் நிலைக்கட்டும்.