பாம்பையே நடுங்க வைக்கும் பூச்சி!

பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்தப் பாம்பையே நடுங்க வைக்கும் எதிரி ஒன்று இருக்கிறது. அது கீரி அல்ல, கழுகும் அல்ல. கடுகை விடச் சிறிய ஒரு பூச்சி!

மாட்டின் காதில் உண்ணி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உண்ணிக்கு உறவுதான் இதுவும். பெயர், பாம்புச் சிற்றுண்ணி. இதன் உணவு ரத்தம்.

குளிக்கும் பாம்பு

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நாய், பூனை வளர்ப்பது போலச் சிலர் பாம்பு வளர்க்கிறார்கள். பலரும் வளர்ப்பது விஷம் இல்லாத பாம்புகளைத்தான். அவற்றில் ஒன்று பந்து மலைப்பாம்பு. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பயந்தால் தலையை உள்ளே வைத்துக்கொண்டு பந்து போலச் சுருண்டுவிடும். அதனால்தான் அந்தப் பெயர்.

லண்டனில் ஒரு சிறுவன் இப்படி ஒரு பாம்பு வளர்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கடையிலிருந்து இன்னொரு பாம்பு வாங்கி வருகிறான். இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறான்.

சில வாரங்கள் போகின்றன. பழைய பாம்பு இரை எடுக்க மறுக்கிறது. பகலெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது.

"குளிக்கிறது!" என்று பையன் சிரிக்கிறான். பாவம், அது குளிக்கவில்லை, தவிக்கிறது!

கிண்ணத்தின் அடியில் மிளகுத் தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் கிடக்கின்றன. அவை மூழ்கிச் செத்த பூச்சிகள். பாம்பைத் தொட்டால் பையனின் கையிலும் புள்ளிகள் ஊர்கின்றன. பாம்பின் செதில்மேல் சாம்பல் போல வெள்ளைத் துகள். அது பூச்சியின் எச்சம்!

சொறிய வழியில்லை

பாம்பின் உடல் முழுவதும் செதில். அதன் அடியில் பூச்சி புகுந்துகொள்கிறது. கண்ணின் ஓரத்திலும் தாடையின் மடிப்பிலும் கூட்டமாக ஒட்டிக்கொள்கிறது. பாம்புக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. அரித்தால் சொறிந்துகொள்ள வழியில்லை! தண்ணீரில் கிடப்பதும், கல்லிலும் கட்டையிலும் உரசுவதும்தான் அதற்குத் தெரிந்த வைத்தியம்.

ஒரு பூச்சி குடிப்பது சிறு துளி ரத்தம். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால்? பாம்புக்கு ரத்த சோகை வந்துவிடும். குட்டிப் பாம்பாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் போவதோடு நோயும் வருகிறது. ஒரு பாம்பின் ரத்தத்தில் உள்ள கிருமியை இந்தப் பூச்சி இன்னொரு பாம்புக்குக் கொண்டுபோகும் என்பதை ஜோசப் கேமின் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1948-ல் எடுத்துக்காட்டினார்.

பூச்சி எங்கே ஒளிகிறது?

பையன் பாம்பை நன்றாகக் கழுவுகிறான். புள்ளிகள் மறைகின்றன. அவனுக்கு ஒரே மகிழ்ச்சி. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் கரும்புள்ளி!

காரணம் என்ன? இந்தப் பூச்சி பாம்பின்மேல் முட்டையிடுவதில்லை. வயிறு நிறைந்ததும் கீழே இறங்கிவிடும். பெட்டியின் இடுக்கில், இருட்டாகவும் ஈரமாகவும் உள்ள இடம் தேடி முட்டையிடும். ஒரு பெண் பூச்சி தன் ஆயுளில் 60 முதல் 80 முட்டை வரை இடும். 25 டிகிரி வெப்பத்தில், முட்டை முழுப் பூச்சியாக வளர இரண்டு மூன்று வாரம் போதும்.

நம் வீட்டு மூட்டைப் பூச்சியை நினைத்துப் பாருங்கள். கடிபட்டவரைக் குளிப்பாட்டினால் மூட்டைப் பூச்சி ஒழியுமா? கட்டிலை அல்லவா வெயிலில் போடுகிறோம்! பாம்பு விஷயமும் அதேதான். பாம்பை மட்டும் கழுவினால் போதாது. அதன் வீட்டையும் கழுவ வேண்டும்.

வைத்தியம் என்ன?

முதல் வேலை, பாம்பை இளஞ்சூடான தண்ணீரில் விடுவது. தலையை வெளியே தூக்கி வைத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். பூச்சி தலைக்கு ஏறி ஒளியும். ஆகவே தலையை ஈரத் துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும்.

இரண்டாவது, பெட்டி. உள்ளே பரப்பிய மரச் சீவலை ஒரு பையில் போட்டுக் கட்டி, வீட்டுக்கு வெளியே எறிய வேண்டும். பெட்டியைக் கொதிக்கும் தண்ணீரும் சோப்பும் கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும். பிறகு வெள்ளைக் காகிதம் விரிக்க வேண்டும். வெள்ளையில் கரும்புள்ளி உடனே தெரிந்துவிடும் அல்லவா?

மூன்றாவது, மருந்து. இதை மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும். பூச்சியைக் கொல்லும் மருந்து அளவு மீறினால் பாம்பையும் கொல்லும். பெட்டிக்கு அடித்த மருந்து நன்றாகக் காய்ந்த பிறகே பாம்பை உள்ளே விட வேண்டும். மருந்து அடிக்கும்போது தண்ணீர்க் கிண்ணம் உள்ளே இருக்கக் கூடாது. ஐவர்மெக்டின் என்ற மருந்தைச் சில வைத்தியர்கள் பாம்புக்குக் கொடுப்பதுண்டு. ஆனால் ஆமைக்கு அது எமன்! வீட்டில் ஆமையும் இருந்தால் மிகவும் ஜாக்கிரதை.

முள்ளை முள்ளால் எடுக்கும் வழியும் உண்டு. சிற்றுண்ணியைத் தின்னும் வேறொரு சிற்றுண்ணியைப் பெட்டிக்குள் விடுகிறார்கள். அது பாம்பைக் கடிக்காது. ஆனால் மருந்து அடித்த பெட்டியில் விட்டால் அதுவும் செத்துவிடும்.

பொறுமையே மருந்து

ஒரு தடவை செய்துவிட்டு நிறுத்தினால், மருந்துக்குத் தப்பிய முட்டைகள் பொரித்துவிடும். வைத்தியர் சொன்ன நாட்களில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கரும்புள்ளி கண்ணில் படாவிட்டாலும் பல வாரம் கவனிக்க வேண்டும். புதிய பாம்பு வந்தால் இரண்டு மூன்று மாதம் வேறு அறையில் வைக்க வேண்டும். அந்தப் பையன் இந்த ஒன்றைச் செய்திருந்தால், பழைய பாம்புக்குத் துன்பமே வந்திராது!

நம் நாட்டில் நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு முதலியவற்றைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆகவே பாம்பு வளர்க்க யாரும் கிளம்பிவிடாதீர்கள்!

ஆனால் கோழி வளர்க்கிறீர்களா? கோழி சோர்ந்து நின்றால் அதை மட்டும் பார்க்காதீர்கள். இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு போய், கூண்டின் இடுக்கையும் பாருங்கள். ரத்தம் குடிக்கும் எதிரி அங்கேதான் ஒளிந்திருப்பான்!