ரத்தம் சொல்லும் சேதி – 17: எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை!

ரத்தப் புற்றுநோயான லுக்கீமியாவுக்குத் தரும், சென்ற வாரம் பார்த்த ‘ஏழும் மூன்றும்’ சிகிச்சையில் புற்றணுக்களோடு எலும்பு மஜ்ஜையின் நல்ல அணுக்களும் சேர்ந்தே அழிகின்றன. ‘கவுண்ட் இறங்கிடுச்சு’ என்று வார்டில் சொல்வார்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்கவேண்டிய நியூட்ரோஃபில்கள் 500-க்கும் கீழே போய், இரண்டு மூன்று வாரம் அங்கேயே கிடக்கும். அந்த நாட்களில்தான் காய்ச்சல் வரும்.

முதல் சந்தேகம் பாக்டீரியா மீது. உடனே ஆன்டிபயாட்டிக் ஏற்றுவார்கள். நான்கைந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் பூஞ்சையை நினைக்க வேண்டும், பெரும்பாலும் ஆஸ்பெர்ஜிலஸ். மக்கும் குப்பை, கட்டட வேலைத் தூசி என்று அது இல்லாத இடமில்லை. இரண்டு மூன்று மைக்ரான் அளவுள்ள அதன் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் நூற்றுக்கணக்கில் சுவாசிக்கிறோம். நுரையீரலே அவற்றைத் தீர்த்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

இந்த நோயாளிக்கு எக்ஸ்ரே எடுத்தால் பல நேரம் சுத்தமாக இருக்கும். வீட்டாருக்கு நிம்மதி. என்னைக் கேட்டால், அந்த நிம்மதிதான் ஆபத்து. நிமோனியாவில் எக்ஸ்ரே வெளுத்துத் தெரிவதற்கு, கிருமியை எதிர்த்து வந்து குவியும் வெள்ளையணுக்களும் நீரும்தான் முக்கியக் காரணம். இவருக்கோ குவிவதற்கு அணுக்களே இல்லை. சளியும் சரியாக வராது.

அதனால்தான் சி.டி. ஸ்கேன். இந்தப் பூஞ்சை ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைக்கும்; அந்தத் திசு செத்துப்போகும், சுற்றிலும் ரத்தம் கசியும். ஸ்கேனில் நடுவே ஒரு கட்டி, அதைச் சுற்றி, நிலா கோட்டை கட்டியது போல மங்கலான வளையம். லுக்கீமியா நோயாளிகளிடம் இதைக் கவனித்து 1985-இல் எழுதியவர்கள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள்.

வளையம் நமக்காகக் காத்திருக்காது. பிரான்சின் டிஜோன் நகரில் டெனி கையோ குழுவினர் 25 பேருக்கு அடுத்தடுத்து ஸ்கேன் எடுத்து 2001-இல் வெளியிட்டார்கள். முதல் நாள் 24 பேருக்கு வளையம் இருந்தது. ஏழாம் நாள் 22 சதவீதம் பேரிடம்தான் மிச்சம். இன்னொன்றையும் கண்டார்கள். சிகிச்சை நடக்கும்போதே முதல் வாரத்தில் கட்டிகளின் கன அளவு நான்கு மடங்கு கூடியது! இதை அறியாமல் ஏழாம் நாள் ஸ்கேனைப் பார்த்து ‘மருந்து கேட்கவில்லை’ என்று முடிவுகட்டினால் எவ்வளவு பிழை. கவுண்ட் ஏறத் தொடங்கும்போது கட்டிக்குள் பிறைபோல் காற்று தெரியும். ரிப்போர்ட்டில் ‘நுரையீரலில் குழி’ என்று படித்து வீட்டார் பதறுவார்கள். உண்மையில் அது உடம்பு மீள்வதன் அடையாளம்.

ரத்தத்தில் கேலக்டோமேனன் தேடுவது அடுத்த வழி. ஆஸ்பெர்ஜிலஸ் வளரும்போது அதன் செல்சுவரிலிருந்து கசியும் சர்க்கரைப் பொருள் அது. ஆனால், தடுப்புக்காகப் பூஞ்சை மருந்து ஏற்கெனவே சாப்பிட்டுவந்தால் நோய் இருந்தும் ‘நெகட்டிவ்’ வரலாம். பிராங்கோஸ்கோப் விட்டு நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரில் தேடினால் பலன் கூடுதல்.

முழு நிச்சயம் வேண்டுமென்றால் பயாப்ஸிதான். பிளேட்லெட் இருபதாயிரத்துக்கும் கீழே இருப்பவரின் நெஞ்சில் யார் துணிந்து ஊசி நுழைப்பார்கள்? ‘உறுதி’, ‘அநேகமாக’, ‘இருக்கலாம்’ என்று ஐரோப்பிய, அமெரிக்க வல்லுநர்கள் 2002-இல் மூன்று படிகள் வகுத்தார்கள். அவை ஆராய்ச்சிக்காக வகுத்தவை. ‘உறுதி’ வரட்டும் என்று வார்டில் காத்திருந்தால் நோய் முந்திக்கொள்ளும். ஆகவே ‘இருக்கலாம்’ என்ற படியிலேயே வோரிகோனசோல் போன்ற மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். அதுதான் சரியும்கூட.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல், காசநோய். நுரையீரலில் கட்டி, விடாத காய்ச்சல் என்றதும் டி.பி. மாத்திரை எழுதத் தோன்றும். அதிலுள்ள ரிஃபாம்பிசின் ஈரலின் நொதிகளைத் தூண்டி, ரத்தத்தில் வோரிகோனசோலின் அளவைத் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் குறைத்துவிடும்! பூஞ்சையும் இருந்துவிட்டால், கொடுக்கும் மருந்து வீண்.

கோவிட் காலத்தில் ‘கருப்புப் பூஞ்சை’ என்று நாம் அறிந்த மியூக்கரும் இதே நோயாளிகளைத் தேடி வரும். ஸ்கேனில் அது பெரும்பாலும் தலைகீழ்: நடுவில் மங்கல், ஓரத்தில் அடர்ந்த வளையம். கேலக்டோமேனன் பரிசோதனையில் சிக்காது; வோரிகோனசோலுக்கும் அடங்காது. அதற்கு ஆம்போடெரிசின் வேண்டும். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் அந்த மருந்தைப் பற்றி அடுத்த இதழில்.

(தொடரும்)