பூணூலைக் கழற்றியவர் குருவாக 28 ஆண்டுகள்!

"அப்பா, நான் சாமியாராகப் போகிறேன்."

பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் மகன் இப்படிச் சொன்னால் தாய் ஒரு மூச்சு அழுவாள். பிறகு ஊருக்கே சொல்லிப் பூரிப்பாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்து எறையூர் போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களில் இது புதிய பேச்சு அல்ல.

ஆனால் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு வாலிபர் சென்ற ஆண்டுதான் ஞானஸ்நானம் பெற்றார் என்று வையுங்கள். இந்த ஆண்டே குருவாக வேண்டும் என்கிறார். என்ன ஆகும்?

"பொறு தம்பி" என்பார்கள்.

சட்டமே அப்படி இருக்கிறது. 1983-ம் ஆண்டு வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, புதிதாக மதம் மாறியவருக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தடை உண்டு. அவருடைய விசுவாசம் போதிய அளவு சோதிக்கப்பட்டது என்று ஆயர் கருதினால் தடை நீங்கும். எத்தனை ஆண்டு என்று சட்டம் கணக்குச் சொல்லவில்லை. புதியவரைத் தலைமையில் வைத்தால் கர்வம் கொண்டு விழுந்துவிடுவார் என்ற எச்சரிக்கை, பைபிளில் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது.

தடை நீங்கினாலும் தத்துவமும் இறையியலும் குறைந்தது ஆறு ஆண்டு படிக்க வேண்டும். வயது 25 நிறைய வேண்டும். கலியாணம் கிடையாது.

கொல்லத்துப் பையன்

இந்தக் காத்திருப்பின் கசப்பையும் உறுதியையும் அறிய 450 ஆண்டுகளுக்கு மேல் பின்னே போக வேண்டும்.

1547-ம் ஆண்டு. கொல்லத்தில் சுமார் 15 வயதுப் பிராமணப் பையன் ஒருவன் கிறிஸ்தவன் ஆனான். பேதுரு லூயிஸ் என்று பெயர் வைத்தார்கள். போர்த்துகீசியர் "பிராமணர் பேதுரு லூயிஸ்" என்றே கடைசிவரை எழுதினார்கள். பூணூல் போயிற்று, பெயரிலிருந்து குலம் போகவில்லை!

ஏசு சபையில் அவர் சேர்ந்தது 1561-ல்தான். இடையில் 14 ஆண்டுகள்! அந்தக் காலத்தில் முத்துக்குளித்துறைக்குப் போய், பாதிரிமார்களுக்கு மொழிபெயர்ப்பாளராக உழைத்தார். அக்கிரகாரத்து ஆசாரத்தில் பிறந்தவர், பரதவர் குடியிருப்புகளில், மீன் உலரும் மணலில் நடந்து ஜெபம் சொல்லிக் கொடுத்தார். குருவாகும் ஆசை நிலையானதா, பையன் புத்தியா என்பதற்கு இதைவிடப் பரீட்சை வேறு என்ன வேண்டும்?

அங்கே அவருக்கு மூத்தவராக இருந்தவர் அண்டிரிக் அடிகளார். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" அவர் தந்த புத்தகம்தான். இந்த அண்டிரிக்கும் பிறப்பினால் அடிபட்டவர். முன்னோர் யூதர் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற நேர்ந்தவர். பிறகு ஏசு சபை அவரை ஏற்றது.

ஏசு சபையில் சேர்ந்த பிறகும் பேதுரு லூயிஸ் குருப்பட்டம் பெற இன்னும் 14 ஆண்டுகள் ஆயின. 1575-ல் பட்டம் பெற்றார். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் பிறந்த முதல் ஏசு சபைக் குரு அவரே.

அடுத்தவர் வரவில்லை

அவருக்குப் பின் வரிசையாக வந்தார்களா? இல்லை. ஏசு சபை இந்த நாட்டவருக்குக் கதவை அடைத்துவிட்டது. பல தலைமுறைகள் அது திறக்கவில்லை. இந்நாட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பேதுரு லூயிஸ் ரோமாபுரியில் இருந்த சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதிக் கெஞ்சினார். பயன் இல்லை. 1596-ல் அவர் இறந்தார்.

ஒருவனை 14 ஆண்டு சோதிப்பது நியாயம் என்றே சொல்லலாம். குருத்துவம் விளையாட்டல்ல. ஆனால் சோதிக்காமலே, இன்ன மண்ணில் பிறந்தவன் என்பதற்காகத் தாழ்ப்பாள் போடுவதைச் சோதனை என்று எப்படிச் சொல்ல முடியும்?

ரயில்வே குமாஸ்தா

கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் இன்னொரு கதை. இது இவ்வளவு நீளம் இல்லை.

1875-ல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்தவர் வைத்திலிங்கம். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்தார். தாயார் அச்சுவேலிக் கத்தோலிக்கர் ஒருவரை மறுமணம் செய்துகொள்ளவே, பிள்ளையும் அந்த மதத்தில் வளர்ந்தான். ஞானப்பிரகாசம் என்ற பெயர் வந்தது. படித்துப் பரீட்சை எழுதி ரயில்வேயில் குமாஸ்தா ஆனார். அந்தக் காலத்தில் சர்க்கார் உத்தியோகம் என்றால் பெண் கொடுக்க வீடு தேடி வருவார்கள்!

1895-ல் அவர் வேலையை விட்டுக் குருமடத்தில் சேர்ந்தார். 1901-ல் குருப்பட்டம். அமலமரித் தியாகிகள் சபைக் குருவாக, சைவத்தைக் காத்த ஆறுமுக நாவலர் பிறந்த அதே நல்லூரில் வெகுகாலம் பணி செய்தார். யாழ்ப்பாணச் சரித்திரம் எழுதினார். மொழி மொழியாகக் கற்றார். முதிய வயதில், தமிழ்ச் சொற்களின் வேரைத் தேடி ஓர் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1947-ம் ஆண்டு ஜனவரியில் கண்மூடினார். அப்போது அந்த அகராதி முடிந்திருக்கவில்லை.