ஆண்களின் நோய், அம்மாவுக்கு என்ன சம்பந்தம்?

புராஸ்டேட் என்னும் சுரப்பி ஆண்களுக்கு மட்டுமே உண்டு. ஆகவே அதில் உண்டாகும் புற்றுநோயும் ஆண்களுக்கு மட்டுமே வரக்கூடியது. “அப்படியானால் அதைப் புருஷர்கள் படித்துக்கொள்ளட்டுமே, எங்களிடம் எதற்குச் சொல்கிறீர்கள்?” என்று சகோதரிகள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. சில குடும்பங்களில் இந்த நோய்க்கான வித்து தாயின் வழியாகவே பிள்ளைக்கு வந்து சேருகிறது. தாயிடம் அந்தச் சுரப்பியே கிடையாது; ஆனாலும் அவள் கொடுத்துவிடுகிறாள்!

முதலில் அந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பெரிய நெல்லிக்காய் அளவில், மூத்திரப் பைக்கு அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி அது அமைந்திருக்கிறது. வயதாக ஆக அது பருத்துச் சிறுநீர் கழிப்பதில் தொல்லை கொடுப்பது சகஜம். அந்தப் பருமன் வேறு, புற்றுநோய் வேறு. புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும். ஆமை போல் நகரும் வகையும் அதில் உண்டு; விரைவாக எலும்புக்குப் பரவிவிடும் வகையும் உண்டு.

உலகத்தில் எல்லா ஜனங்களையும் இந்த நோய் ஒரே அளவில் பிடிப்பதில்லை. இங்கிலாந்தில் 2008 முதல் 2010 வரை கிடைத்த புள்ளிவிவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். வெள்ளையரில் 8 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இந்த நோய்க்கு ஆளாகிறார். கறுப்பினத்தவரில் 4 பேருக்கு ஒருவர். ஆசிய வம்சத்தாரிலோ 13 பேருக்கு ஒருவர்தான். ஒரே தேசம், ஒரே வைத்திய வசதி. இருந்தும் இவ்வளவு வித்தியாசம்!

இது ரத்தத்தில் ஊறியதா, சாப்பாட்டினால் வந்ததா? இரண்டுக்கும் பங்கு உண்டு. ஜப்பானில் இந்த நோய் வெகு குறைவாக இருந்த காலத்தில், அங்கிருந்து ஹவாய்க்கும் காலிபோர்னியாவுக்கும் குடியேறியவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. கப்பல் ஏறியதும் பரம்பரை மாறிவிடுமா? மாறாது. உணவும் பழக்கமும் மாறின. நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறையும் மாறியது. ஆயினும் அவர்கள் அங்கிருந்த வெள்ளையர் அளவை எட்டவில்லை.

பரம்பரையின் பங்கை அளப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் உதவினார்கள். அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருகிறதா? ஜாடை வேறான இரட்டையரில் எப்படி? ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய மூன்று தேசங்களிலும் 44,788 ஜோடிகளை வைத்து ஆராய்ந்து, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்த நோய் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமலிருக்கும் வேற்றுமையில் 42 சதவிகிதம் பரம்பரையால் ஏற்படுகிறது என்று தெரிந்தது. 2016-ல் வெளியான இன்னும் பெரிய ஆராய்ச்சி அதை 57 சதவிகிதம் என்றது. புற்றுநோய்களில் பரம்பரையின் கை இவ்வளவு ஓங்கியிருப்பவை மிகச் சிலவே.

இனி, தாயின் சங்கதிக்கு வருவோம். நம் உடலின் ஜீன்களில் அவ்வப்போது கிழிசல் ஏற்படுகிறது. அதைத் தைத்துச் சீர்செய்யும் தையற்கார ஜீன்களும் உள்ளன. அவற்றில் ஒன்று 1995-ல் கண்டுபிடிக்கப்பட்ட ‘பி.ஆர்.ஸி.ஏ.2’. இந்தத் தையற்காரனிடமே பழுது இருந்தால் பெண்களுக்கு மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது. ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயின் அபாயம் கூடுகிறது. அதுவும் வேகமான வகையாக இருக்க இடமுண்டு. தாயிடமோ தந்தையிடமோ இந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஐஸ்லாந்து என்ற குளிர்த் தீவில் ஏறக்குறைய 4 லட்சம் பேர்தான் வசிக்கிறார்கள். என்றோ ஒரு மூதாதையிடம் ஏற்பட்ட ஒரே பழுது, அந்த ஜீனில் ஐந்து எழுத்துகள் விடுபட்ட பிழை, தலைமுறை தலைமுறையாக அங்கே இறங்கி வந்திருக்கிறது. தம்மிடம் அது உண்டா என்று விரும்பியவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள 2018-ல் அங்கே ஏற்பாடு செய்தார்கள். கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த அஷ்கெனாஸி யூதர்களின் சந்ததியாரிடம் இதே இனத்தைச் சேர்ந்த மூன்று பிழைகள் அதிகமாக உள்ளன. ‘ஹெச்.ஓ.எக்ஸ்.பி.13’ என்ற வேறொரு ஜீனில் 2012-ல் கண்டறியப்பட்ட பிழை ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மிகுதி. சீனர்களிடம் அதே ஜீனில் வேறு பிழை! ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒவ்வொரு மூதாதையின் சீதனம்.

ஆப்பிரிக்க வம்சத்தாரின் கதை சற்று வேறு. எட்டாவது குரோமோஸோமில் ஒரு பகுதி அவர்களுடைய அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2006-ல் தெரிய வந்தது. 2021-ல் பல ஜனங்களையும் சேர்த்து ஆராய்ந்தபோது, இந்த நோயோடு தொடர்புள்ள 269 இடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் வலிமையும் சொற்பம். ஆனால் சிறுதுளி பெருவெள்ளம் அல்லவா? எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஆப்பிரிக்க வம்சத்தாரின் சராசரி அபாயம் ஐரோப்பியரைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். கிழக்காசியருக்கு முக்கால் பங்கு. அமெரிக்காவில் கறுப்பின ஆண்கள் இந்த நோயால் இறப்பது வெள்ளையரைப் போல் இரு மடங்கு. அதற்கு ஜீன் மட்டும் பொறுப்பல்ல. சிகிச்சை தாமதமாகக் கிடைப்பதும் சேர்ந்த பாவம்தான்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆராய்ச்சிகளில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சத்தார். இந்தியர்கள் மிகச் சொற்பம். ஆகையால், அங்கே தயாரான கணக்கை அப்படியே நம் வீட்டு ஆண்களுக்குப் பொருத்திப் பயப்படவும் கூடாது. நிம்மதி கொள்ளவும் கூடாது. நம்மவருக்கு நம்பிக்கையான அடையாளம் அவரவர் குடும்ப வரலாறுதான்.

தகப்பனாருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் அபாயம் சுமார் இரு மடங்கு. இதைப் பலரும் சொல்வார்கள். ஆனால் அம்மாவின் தங்கைக்குச் சிறு வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்ததை டாக்டரிடம் எந்தப் பிள்ளை சொல்கிறான்? அவனுக்குத் தெரிந்தால் அல்லவா சொல்வான்! அந்தக் காலத்து வீடுகளில் “வயிற்றிலே கட்டி” என்று தாழ்ந்த குரலில் பேசி முடித்துவிடுவார்கள். அது போலவே, தந்தைக்கு வேகமான புராஸ்டேட் புற்றுநோய் வந்தால் மகளும் தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

சாதாரணமாக 50 வயதில் இதைப் பற்றி டாக்டரைக் கலந்து பேசலாம். குடும்பத்தில் நோய் இருந்தால் 45-ல். அந்தத் தையற்கார ஜீன் பழுதானவர்களுக்கு 40-லேயே. ‘பி.எஸ்.ஏ.’ என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதில் எண் உயர்ந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மேலும் பார்க்க வேண்டும் என்றே அர்த்தம். மெதுவான வகையைக் கத்தி வைக்காமல் கண்காணிப்பிலேயே வைப்பதும் உண்டு. பழுதான ஜீன் உள்ளவர்களின் முற்றிய நோய்க்கென்று 2020-ல் அமெரிக்காவில் ஒரு மாத்திரைக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது.

பழுது இருப்பவர்கள் எல்லாருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. “என்னால் பிள்ளைக்கு வந்ததே” என்று எந்தத் தாயும் கண் கலங்க வேண்டாம். தன் தாயோ தந்தையோ கொடுத்ததைத்தான் அவளும் அறியாமல் கொடுத்தாள்.

யாருக்கு எந்த மாதத்தில் திதி, எந்தக் குழந்தைக்கு என்ன நட்சத்திரம் என்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர்கள் வீட்டுப் பெண்கள். அந்த ஞாபகத்தில் இன்னொரு பத்தியும் சேரட்டும். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனையாவது வயதில் புற்றுநோய் வந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். மகன் நாற்பதை எட்டும்போது அதை அவன் கையில் கொடுங்கள். மகளுக்கு அதற்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.