இயற்கை முறைத் திராட்சை: மருந்தை நிறுத்தினால் மட்டும் லாபம் வருமா?

பிரான்சின் சிறு தோட்டங்கள் காட்டும் கணக்கு

பிரான்ஸ் நாட்டின் தெற்கே, மத்தியதரைக் கடலை ஒட்டி லாங்டாக் என்னும் பகுதி உள்ளது. கடற்கரைச் சமவெளியிலும், கோர்பியேர், மினெர்வா போன்ற குன்றுப் பகுதிகளிலும் திராட்சையே முக்கியப் பயிர். அங்கு 10 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வைத்திருப்பவர் சிறு தோட்டக்காரர். ரசாயன உரம், களைக்கொல்லி, செயற்கைப் பூசணக்கொல்லி எதுவும் இல்லாமல் திராட்சை வளர்த்து, தம் தோட்டத்திலேயே சிவப்பு ஒயின் தயாரித்து, முக்கால் லிட்டர் புட்டியை 7 அல்லது 8 யூரோவுக்கு விற்கும் குடும்பங்கள் அங்கு பல உள்ளன. அந்நாட்டில் இது சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலைதான். போர்டோ, பர்கண்டி ஆகிய பகுதிகளின் பெயர்பெற்ற தோட்டங்களில் ஒரு புட்டி 100 யூரோவைத் தாண்டுவதும் உண்டு.

மருந்துச் செலவு இல்லாததால்தான் இவர்களால் குறைந்த விலைக்கு விற்க முடிகிறது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. மருந்தை நிறுத்தியதால் இவர்களுக்குச் செலவு கூடியிருக்கிறது; விளைச்சலும் சற்றுக் குறைந்திருக்கிறது. அப்படியிருந்தும் இவர்கள் எவ்வாறு தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது சிறு விவசாயிகள் அனைவரும் அறிய வேண்டிய செய்தியாகும்.

காற்று செய்யும் உதவி

முதல் காரணம் இடம். லாங்டாக் பகுதியில் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். கோடையில் மழை மிகக் குறைவு. வடமேற்கிலிருந்து 'திராமொந்தான்' என்னும் உலர்ந்த காற்று அடிக்கடி பலமாக வீசும். மழை பெய்தாலும் இலையும் குலையும் விரைவில் காய்ந்துவிடுவதால் பூசண நோய்கள் பரவ அவகாசம் கிடைப்பதில்லை. மழை மிகுந்த போர்டோ பகுதியில் இயற்கை முறையில் திராட்சை வளர்ப்பது இதைவிடக் கடினம்.

இங்கு பழைய தோட்டங்களில் பந்தல் கிடையாது. ஹெக்டேருக்குச் சுமார் 4,000 செடிகள். ஒவ்வொன்றும் கைப்பிடி இல்லாத குவளையைப் போல நாலைந்து குட்டைக் கிளைகளோடு தனித்து நிற்கும். குளிர்காலத்தில் கவாத்து செய்து, கிளைக்கு இரண்டு மொட்டுகள் விடுவார்கள். காரிஞான், கிரநாஷ், சிரா ஆகியவை முக்கிய ரகங்கள். ஹெக்டேருக்கு 6 டன் பழம் கிடைத்தால் நல்ல விளைச்சல். நம் பந்தல் தோட்டக்காரர்களுக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும்.

களை எடுப்பதில் கூடும் செலவு

களைக்கொல்லியை ஆண்டுக்கு ஓரிரு முறை தெளித்தால் வேலை முடிந்தது. அதை விட்டவர் ஒவ்வொரு பருவத்திலும் நாலைந்து முறை உழ வேண்டும். வரிசைகளுக்கு இடையே உழுவது எளிது. செடிக்கும் செடிக்கும் நடுவே உழுவதுதான் தொல்லை. இதற்கென டிராக்டரில் பொருத்தும் ஒரு கத்தி உள்ளது. அதன் முன்னால் உள்ள கம்பி செடியைத் தொட்டவுடன் கத்தி தானே உள்ளே இழுத்துக்கொள்ளும்; செடியைத் தாண்டியதும் மீண்டும் வெளியே வரும். டிராக்டர் மெதுவாகப் போக வேண்டியிருப்பதால் டீசலும் ஆள் நேரமும் கூடுகின்றன.

இத்தகைய கருவியைச் சிறு தோட்டக்காரர் தனியாக வாங்கிக் கட்டுப்படியாகாது. பிரான்சில் பண்ணைக் கருவிகளைப் பொதுவில் வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தும் கூட்டுறவுச் சங்கங்கள் 1945 முதல் சட்டப்படி இயங்கி வருகின்றன. அண்டை அயல் விவசாயிகள் சிலர் சேர்ந்தாலே சங்கம் அமைக்கலாம். செலவு பங்காகிவிடும்.

உரத்துக்குத் தொழு உரமும் மக்கிய உரமும் இடுகிறார்கள். அறுவடை முடிந்ததும் ஒன்றுவிட்ட வரிசைகளில் பார்லி, காட்டுப் பயறு, ஃபாவா மொச்சை ஆகியவற்றைக் கலந்து விதைத்து, வசந்தத்தில் மண் காய்வதற்கு முன் மடக்கி உழுகிறார்கள். காலம் தாழ்த்தினால் அந்தப் பசுந்தாள் பயிரே திராட்சையின் தண்ணீரைக் குடித்துவிடும்.

மயில்துத்தக் கணக்கு

இயற்கை முறையிலும் அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை தெளிக்க அனுமதி உண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த இந்தக் கலவை பிரான்சில் பிறந்ததே. அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் 1878-ல் அந்நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்டது. போர்டோவை அடுத்த மெடோக் பகுதியில், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்கச் சாலையோரச் செடிகளின் மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் வழக்கம் இருந்தது. அந்தச் செடிகளில் மட்டும் இலை உதிராமல் இருந்ததை 1882-ல் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். சோதனைகள் செய்து 1885-ல் கலவை முறையை வெளியிட்டார். இன்று கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும் அதே கலவைதான் தெளிக்கப்படுகிறது.

ஆனால் செம்பு மண்ணில் இறங்கினால் அழிவதில்லை. ஆண்டுக்காண்டு சேர்ந்து மண்புழுக்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் கேடு செய்கிறது. எனவே ஐரோப்பிய நாடுகளில் 2019-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் தெளிக்கக் கூடாது. சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ.

இந்த அளவு எவ்வளவு குறைவு என்பதை ஒரு கணக்கால் அறியலாம். மயில்துத்தத்தில் நாலில் ஒரு பங்கே செம்பு. 1 சதக் கலவை 100 லிட்டரில் 1 கிலோ மயில்துத்தம், அதாவது 250 கிராம் செம்பு இருக்கிறது. ஏக்கருக்கு 500 லிட்டர் தெளித்தால் ஒன்றேகால் கிலோ செம்பு. ஹெக்டேருக்குச் சுமார் 3 கிலோ. ஆக, நம் முறையில் ஒரே ஒரு தெளிப்பு அங்கே ஓராண்டு அளவின் முக்கால் பங்கைத் தீர்த்துவிடும்.

ஆகவே அங்குள்ளவர்கள் ஒரு தடவைக்கு ஹெக்டேருக்குச் சில நூறு கிராம் செம்பு மட்டுமே தெளிக்கிறார்கள். அதையும் மழைக்கு முந்தி இலை மேல் இருக்கும்படி நாள் பார்த்துத் தெளிக்கிறார்கள். ஐரோப்பியத் திராட்சை விவசாயிகளிடையே 'மூன்று பத்து' என்று ஒரு பழைய கணக்கு உண்டு. தளிர் 10 செ.மீ. வளர்ந்து, வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் இருந்து, 10 மி.மீ. மழையும் பெய்தால் முதல் தொற்று ஏற்படும் என்பது அதன் பொருள். நாட்காட்டியைப் பார்த்துத் தெளிப்பதற்குப் பதில் வானத்தையும் தளிரையும் பார்த்துத் தெளிக்கும் பழக்கம் இதனால் ஏற்பட்டது. சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூளும் நனையும் கந்தகமும் போதுமானவை.

குலைகளைத் துளைக்கும் புழுவுக்கு இனக்கவர்ச்சி முறை கையாளப்படுகிறது. பெண் அந்துப்பூச்சியின் வாசனை கொண்ட சிறு குப்பிகளை ஹெக்டேருக்குச் சுமார் 500 வீதம் செடிகளில் கட்டுவார்கள். எங்கும் அதே வாசனை நிறைந்திருப்பதால் ஆண் பூச்சி இணையைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் தோட்டத்தில் மட்டும் கட்டினால் பயன் குறைவு. பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து கட்டினால்தான் பலன்.

மூன்று ஆண்டுப் பொறுமை

திராட்சைத் தோட்டம் இயற்கை முறைக்கு மாற மூன்று ஆண்டுகள் ஆகும். அந்த மூன்று ஆண்டுகளில் செலவு இயற்கை முறைச் செலவு. விலையோ சாதாரண விலை. பலரும் இடறுவது இங்கேதான். ஆண்டுதோறும் ஆய்வாளர் வந்து தோட்டத்தையும் கணக்குப் புத்தகத்தையும் பார்வையிடுவார். அதற்கான கட்டணம் விவசாயியைச் சேர்ந்தது.

அறுவடை ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் நடக்கிறது. அழுகிய குலைகளைத் தோட்டத்திலேயே கழித்துவிடுவார்கள். பழத்தைக் காம்பு நீக்கி, தோலோடு தொட்டியில் இட்டு, ஒன்று முதல் இரண்டு வாரம் புளிக்க விடுவார்கள். சிவப்பு நிறம் தோலிலிருந்து வருவது. ஒயின் கெடாமல் இருக்கக் கந்தக டை ஆக்சைடு சிறிதளவு சேர்ப்பார்கள். சாதாரணச் சிவப்பு ஒயினில் இது லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம். இயற்கை முறையில் 100 மில்லிகிராமே உச்சவரம்பு. 2012 வரை 'இயற்கை முறைத் திராட்சையில் செய்த ஒயின்' என்று மட்டுமே சீட்டில் அச்சிடலாம். தயாரிப்பு முறைக்கும் விதிகள் வந்த பிறகே 'இயற்கை முறை ஒயின்' என்ற பெயர் கிடைத்தது.

1907-ல் கற்ற பாடம்

இந்தப் பகுதி விவசாயிகள் விற்பனையின் அருமையைப் பட்டறிந்து கற்றவர்கள். 1860-களில் ஃபில்லாக்ஸரா என்னும் வேர்ப் பூச்சி தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி மீண்டும் நட்டார்கள். விளைச்சல் பெருகியது. அதே சமயம் சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலி ஒயினும் சந்தையில் நிறைந்தது. விலை அடியோடு விழுந்தது. 1907 ஜூன் 9-ஆம் நாள் மோன்பெலியே நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். அம்மாதமே நார்பொன் நகரில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் பலியாயின. அதன் பிறகே, ஜூன் 29-ல், கலப்படத்தைத் தடுக்கவும் ஒவ்வொருவரும் தம் விளைச்சலை அறிவிக்கவும் சட்டம் வந்தது.

அதற்கு முன்பே 1901-ல் பெசியே நகரை அடுத்த மரோசான் கிராமத்துச் சிறு விவசாயிகள் சங்கம் சேர்ந்து, இடைத்தரகரை விலக்கிப் பாரிஸ் நகர நுகர்வோர் கூட்டுறவுகளுக்கு நேரே ஒயின் அனுப்பத் தொடங்கியிருந்தனர். அதைப் பின்பற்றிப் பகுதி முழுவதும் கூட்டுறவு ஒயின் கூடங்கள் எழுந்தன. இன்றைய சிறு தோட்டங்களின் நேரடி விற்பனையும் அதே வழியில் வந்ததுதான்.

புட்டியின் கணக்கு

ஒரு புட்டி ஒயினுக்குச் சுமார் 1 கிலோ பழம் வேண்டும். ஹெக்டேருக்கு 6 டன் என்றால் 6,000 புட்டி. தோட்டத்து வாசலில் 7.50 யூரோவுக்கு விற்கும் புட்டியில் 1.25 யூரோ விற்பனை வரி. கண்ணாடி, தக்கை, சீட்டு, பெட்டி ஆகியவற்றுக்குச் சுமார் ஒரு யூரோ. மீதி 5.25 யூரோ தோட்டத்துக்கு. கவாத்து, உழவு, கூலி, டீசல், சான்றிதழ், வங்கி வட்டி அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும்.

அதே ஒயினை லாரித் தொட்டியில் மொத்த வியாபாரிக்குக் கொடுத்தால் லிட்டருக்கு ஒன்று அல்லது ஒன்றரை யூரோ கிடைப்பதே பெரிது. இதில் உழவுச் செலவுக்கே கட்டாது. ஆகவே சிறு தோட்டக்காரர்கள் வாரச் சந்தையிலும் வாசலிலும் தாங்களே விற்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு 5 லிட்டர், 10 லிட்டர் பைகளை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுப்பதால் கண்ணாடிச் செலவு மிச்சம். வாங்குபவருக்கும் விலை குறைவு.

இதனால் எல்லாம் சுகமே என்று எண்ணிவிடக் கூடாது. 2022-ல் பிரான்சின் திராட்சைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இயற்கை முறையிலோ அதற்கு மாறும் நிலையிலோ இருந்தது. ஆனால் மக்கள் சிவப்பு ஒயின் குடிப்பது குறைந்துகொண்டே வருகிறது. 2024-ல் தோட்டத்தை நிரந்தரமாக அழிப்பவர்களுக்கு ஹெக்டேருக்கு 4,000 யூரோ தருவதாக அரசு அறிவித்தது; லாங்டாக் பகுதியில் பலர் முன்வந்தனர். 2025 ஆகஸ்டில் கோர்பியேர் பகுதியில் சுமார் 16,000 ஹெக்டேர் தீக்கு இரையாயிற்று. உழுது களையின்றி வைத்திருந்த திராட்சை வயல்கள் பல இடங்களில் தீயைத் தடுத்து நிறுத்தின. செடிகளைப் பிடுங்கிப் போட்டுப் புதர் மண்டிய நிலங்களில் தீக்குத் தடை இல்லை. சிறு தோட்டம் மறைந்தால் ஊருக்கும் நட்டம் என்பதை அம்மக்கள் அப்போது கண்கூடாகக் கண்டனர்.

நம் விவசாயிகள் கவனிக்க

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டு வந்ததாகக் கூறப்படுகிறது. அந்நாட்டு அனுபவத்திலிருந்து மூன்று செய்திகள் நமக்கும் உதவும்.

ஒன்று: போர்டோ கலவையைத் தேவையறிந்து தெளிக்க வேண்டும். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் உலோகம் அல்லாத தனித்தனிப் பாத்திரங்களில் கரைத்துச் சேர்க்க வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கி எடுத்தால் செந்நிறம் படியக் கூடாது. படிந்தால் மேலும் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை கிலோ மயில்துத்தம் நிலத்தில் இறங்கியது என்று குறித்து வைப்பது நல்லது.

இரண்டு: இயற்கை முறைக்கு மாற விரும்புபவர் முழுத் தோட்டத்தையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒரு பகுதியில் தொடங்கலாம். மாறும் காலத்தில் விளைச்சல் குறைவையும் களைக் கூலியையும் தாங்கப் பணம் கையில் இருக்க வேண்டும்.

மூன்று: மருந்தை நிறுத்துவதற்கு முன்பே வாங்குபவரைத் தேடிக்கொள்ள வேண்டும். கோர்பியேர் தோட்டக்காரர் 7.50 யூரோவுக்கு விற்கும் புட்டியில் அவருக்கு 5.25 யூரோ கிடைப்பதற்குக் காரணம், கொடியைக் கவாத்து செய்யும் அதே கையால் பெட்டியைத் தூக்கிச் சந்தையில் வைப்பதுதான். மண்டியில் மற்ற பழத்தோடு பழமாகக் கொட்டிவிட்டால், இயற்கை முறையில் விளைந்த பழத்துக்கும் மண்டி விலைதான் கிடைக்கும்.