உரோமாபுரியில் மூன்று நாட்கள்

கிளோடியஸ் சக்கரவர்த்தி ஆண்ட காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், இலங்கையிலிருந்து நான்கு தூதுவர் உரோமாபுரிக்குச் சென்றனர் என்று பிளினி என்னும் உரோம அறிஞர் எழுதிவைத்துள்ளார். அவர்களை அனுப்பிய மன்னன், உரோம வெள்ளி நாணயங்கள் வெவ்வேறு சக்கரவர்த்திகளின் உருவங்களைத் தாங்கியிருந்தும் ஒரே நிறையுடையனவாய் இருந்தமை கண்டு, அந்நாட்டாரின் நேர்மையை வியந்தானாம். பருவக்காற்றை நம்பிக் கடல் கடந்த அவர்களுக்கு அந்தப் பயணம் மாதக்கணக்கில் நீண்டிருக்கும். இன்று நம்மவர் அந்நகருக்கு ஒதுக்குவது பெரும்பாலும் மூன்று நாட்களே.

அந்த மூன்று நாட்களும் எப்படி வாய்க்கின்றன? சுவிற்சர்லாந்திலோ, பிரான்சிலோ, ஜேர்மனியிலோ குடியேறிய பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர் செல்கின்றனர். பேரப்பிள்ளையின் முகம் கண்டு இரண்டு வாரம் கழிந்தபின், “இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், உரோமாபுரியையும் பார்த்துவிட்டுப் போங்கள்” என்று மகளோ மருமகனோ சொல்கின்றனர். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம். மாடிப்படி ஏறினால் நோகும் முழங்கால். மறுமுறை வருவோமா என்பது தெரியாத வயது. இத்தகையோருக்குத் திட்டமின்மையால் வீணாகும் ஒரு முற்பகல் திரும்பக் கிடைப்பதன்று.

முதலில் விசாவைப் பற்றிப் பேசவேண்டும். ஏனையவற்றில் ஏற்படும் பிழையால் பணம் மட்டுமே நட்டமாகும். இதில் ஏற்படும் பிழையோ பயணத்தையே நிறுத்திவிடும். சுவிற்சர்லாந்தும் பிரான்சும் ஜேர்மனியும் இத்தாலியும் ஷெங்கன் உடன்படிக்கைக்கு உட்பட்டவை. ஆதலால் ஒரு நாடு வழங்கும் குறுங்கால விசா மற்றையவற்றுக்கும் செல்லும். விண்ணப்பத்தையோ, எந்நாட்டில் மிகுதியான நாட்கள் தங்கப்போகிறார்களோ அந்நாட்டிடமே கொடுத்தல் வேண்டும். சூரிச்சில் ஒரு மாதமும் உரோமாபுரியில் மூன்று நாட்களும் தங்குவோர் சுவிற்சர்லாந்திடமே விசா கேட்கவேண்டும். இத்தாலிப் பயணத்தையும் அதிலே மறைக்காமற் குறிப்பிடவேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னரே விண்ணப்பிக்க முடியாது. பதினைந்து நாட்களுக்குப் பிந்தவும் கூடாது. கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம்.

விசா கையில் கிடைத்தபின் அதனைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கவேண்டும். அதில் எந்நாள் முதல் எந்நாள் வரை என்று இரண்டு திகதிகள் இருக்கும். தங்கக்கூடிய நாட்களின் தொகை வேறாக இருக்கும். திகதிகளின் இடைவெளி நாற்பத்தைந்து நாளாயிருந்தாலும், நாட்களின் தொகை முப்பது என்றிருந்தால் முப்பதே கணக்கு. வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் அக்கணக்கிற் சேரும். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவுடன் இலண்டனிலுள்ள தம்பி வீட்டுக்குப் போய்வர எண்ணுவோர், இங்கிலாந்து ஷெங்கனுக்கு வெளியே உள்ளது என்பதை மறந்தால், திரும்பி உள்ளே வர முடியாமல் அந்தரிக்க நேரும்.

சூரிச்சிலிருந்து உரோமாபுரிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். புகையிரதத்தில் மிலானில் வண்டி மாறி ஏழு மணி நேரம் வரை செல்லும். கணக்கில் விமானமே வெல்லும். ஆயினும் முதியவர்களுக்குப் புகையிரதமே மேல். சோதனை வரிசையில் நிற்கத் தேவையில்லை. 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் சுரங்கப்பாதையையும் காணலாம். இறங்குமிடமும் நகரின் நடுவிலுள்ள தெர்மினி நிலையமாகவே இருக்கும். எல்லையில் பொலிசார் ஏறிச் சோதிப்பதுண்டு. எனவே கடவுச்சீட்டைப் பெட்டியின் அடியிலன்றிக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் வேண்டும். விமானத்தில் வருவோர் பியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு இடையில் நில்லாத புகையிரதத்தில் 32 நிமிடத்தில் வந்துசேரலாம்.

ஓகஸ்ட் மாதத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம். வெயில் 35 பாகையைத் தாண்டுவது சாதாரணம். யாழ்ப்பாணத்து வெயிலைக் கண்டவர்களுக்கு அது என்ன பெரிது என்று தோன்றும். ஆனால் யாழ்ப்பாணத்தில் எவரும் நடுப்பகலில் கல்வெளியில் மூன்று மணி நேரம் நின்று தூண்களைப் பார்ப்பதில்லை. சித்திரையும் ஐப்பசியும் நல்ல மாதங்கள்.

இனி நுழைவுச்சீட்டுகள். கொலோசியம் என்னும் பேரரங்குக்கு நாளும் நேரமும் குறித்தே சீட்டு விற்கின்றனர். ஏறத்தாழ முப்பது நாட்களுக்கு முன்னர் இணையவழியில் விற்பனை தொடங்கும். நேரிற் சென்று வாங்கலாமென்று போவோர் வெளிச்சுவரைப் பார்த்துத் திரும்ப நேரலாம். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் சீட்டில் பார்வையாளரின் பெயரும் பதியப்படுகின்றது; வாயிலிற் கடவுச்சீட்டோடு ஒப்பிடுவர். இங்கேதான் நம்மவருக்கு ஒரு தனித் தொல்லை. தகப்பன் பெயர் முன்னும் தம்பெயர் பின்னுமாக நாம் எழுதும் வழக்கம் ஐரோப்பியருக்கு விளங்காது. பிள்ளைகளோ அவசரத்தில் வீட்டிலே வழங்கும் பெயரைப் பதிந்துவிடுவர். கடவுச்சீட்டில் உள்ளவாறே, அதே எழுத்துக்கூட்டலுடன் பதியும்படி முன்கூட்டியே சொல்லிவைத்தல் நன்று.

வத்திக்கான் அரும்பொருட்சாலைகளுக்கும் சீட்டை முன்னரே வாங்கவேண்டும். அவை ஞாயிற்றுக்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். மாதத்தின் இறுதி ஞாயிறு மட்டும் விலக்கு. அன்று முற்பகலில் அனுமதி இலவசம். இலவசம் என்ற சொல்லுக்கு மயங்கவேண்டாம். அன்றைய நெருக்கடியில் மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை விதானத்தில் தீட்டிய ஓவியங்களை அண்ணாந்து பார்ப்பதற்குள் பின்னால் வருவோர் தள்ளிக்கொண்டு போய்விடுவர்.

மூன்று நாட்களையும் இடத்தின் அண்மை நோக்கி வகுத்தல் வேண்டுமேயன்றிப் புகழின் வரிசை நோக்கி வகுத்தல் கூடாது. காலையில் கொலோசியம், மதியம் வத்திக்கான், மாலையில் மீண்டும் இந்தப் பக்கம் என்று அலைவோர் பஸ் வண்டியின் சன்னல் வழியாகவே நகரைக் காண்பர். முதல் நாளைக் கொலோசியத்துக்கும் அதன் அருகிலுள்ள பண்டைய மன்றத்துக்கும் பலத்தீன் குன்றுக்கும் கொடுக்கலாம். மூன்றுக்கும் ஒரே சீட்டு. தெர்மினியிலிருந்து சுரங்கப் புகையிரதத்தில் இரண்டாவது நிலையம். காலையில் முதல் நேரத்துக்கே சீட்டு எடுத்தால் வெயில் ஏறுமுன் பெரும்பகுதி முடிந்துவிடும்.

இரண்டாம் நாள் வத்திக்கான். 1929 முதல் அது தனி நாடு. எனினும் உள்ளே செல்ல வேறு விசா வேண்டியதில்லை. புனித இராயப்பர் பேராலயத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை நீளமானது. தோளும் முழங்காலும் மூடியிருத்தல் வேண்டும். சேலையால் தோளைப் போர்த்துச் செல்லும் நம் பெண்களுக்கு இதில் இடர் இல்லை. அரைக்காற்சட்டையுடன் வரும் பேரப்பிள்ளையைத்தான் வாயிலில் நிறுத்துவர். குவிமாடத்தின் உச்சிக்கு 551 படிகள். மின்தூக்கி பாதிவழி மட்டுமே ஏற்றிவிடும். மீதி முந்நூற்றுக்கு மேற்பட்ட ஒடுங்கிய படிகளைக் கால்களே ஏறவேண்டும். முழங்கால் நோவுள்ளோர் கீழே மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாயும் மகனுமாகிய சிலையின் முன் அந்நேரத்தைக் கழிப்பின் குறை ஒன்றும் இல்லை. பாப்பரசரைக் காண விரும்பும் கத்தோலிக்க அன்பர்கள் புதன்கிழமை காலையைத் தெரிந்துகொள்ளவேண்டும். பொதுச் சந்திப்புக்குரிய சீட்டுகள் இலவசமானவை. அவற்றை விற்பதாகச் சொல்பவரை நம்பலாகாது. மற்றையோர் புதன்கிழமையை விட்டு வேறு நாளைக் கொள்வதே வசதி. அன்று பேராலயம் முற்பகலில் மூடப்படுவதுண்டு.

மூன்றாம் நாள் நடையாகவே செல்லும். பந்தியன் என்னும் பழங்கோயில், நவோனா சதுக்கம், 1762இல் நிறைவுற்ற திரேவி நீரூற்று ஆகிய யாவும் ஒன்றுக்கொன்று கிட்டியவை. பந்தியனில் 2023 யூலை முதல் கட்டணம் அறவிடுகின்றனர். 43 மீற்றருக்கு மேற்பட்ட அகலமுள்ள அதன் குவிமாடத்தின் நடுவே ஒரு வட்டத் துவாரம் திறந்தே இருக்கின்றது. மழை நாளில் நீர் நேரே தளத்தில் விழுந்து, அங்குள்ள சிறு துளைகள் வழியாக வடிந்துபோகும். ஆதலால் மழை வந்தால் அன்றைய திட்டம் கெட்டதென்று விடுதியில் முடங்கவேண்டாம். குடையோடு பந்தியனுக்குப் போகலாம்.

சில்லறைக் காரியங்கள் சில. வீதிகள் கருங்கல் துண்டுகள் பதித்தவை. புதுச் செருப்பும் குதியுயர்ந்த பாதணியும் ஆகா. தெருவெங்கும் ஓயாது ஓடும் இரும்புக் குழாய்களின் நீர் குடிக்க உகந்தது. வெறும் போத்தலைக் கொண்டுசென்றால் நீருக்குக் காசு செலவில்லை. மரக்கறி உண்போர் பட்டினி கிடக்கத் தேவையில்லை. துண்டாக வெட்டி நிறுத்து விற்கும் பீற்சாவில் தக்காளியும் உருளைக்கிழங்கும் இட்டவை உண்டு. கோப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. தங்குவிடுதியில் அறை வாடகைக்கு மேலாக ஆளுக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று நகர வரியும் கேட்பர். அது ஏமாற்று அன்று.

ஏமாற்று வேறிடத்தில் உண்டு. தெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் செல்லும் 64ஆம் இலக்க பஸ் வண்டி முடிச்சவிழ்ப்போருக்குப் பேர்போனது. பணம் போனால் பிள்ளைகள் தருவர்; கடவுச்சீட்டுப் போனால் உரோமாபுரியிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் படிகளில்தான் எஞ்சிய நாட்கள் கழியும். பெயரும் விசாவும் உள்ள பக்கங்களின் பிரதியொன்றைப் பெட்டியில் வைத்து, இன்னொன்றைப் பிள்ளைகளிடமும் கொடுத்துவிட்டுப் புறப்படவேண்டும். அவசரத்துக்கு அழைக்கவேண்டிய இலக்கம் 112. அதனைக் கைத்தொலைபேசியில் மட்டுமன்றி, ஒரு கடதாசித் துண்டிலும் விடுதியின் விலாசத்தோடு எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் கணவனும் மனைவியும் பிரிய நேர்ந்தால் அத்துண்டே விடுதிக்கு வழிகாட்டும். ஆதலால் இருவரிடமும் ஒவ்வொன்று இருக்கட்டும்.